கால்நடை மருத்துவ மாணவருக்கு மாநாட்டில் என்ன கிடைக்கும்? (பையையும் சான்றிதழையும் தவிர)

மூணாம் வருசம் | ஆகஸ்ட் 3, இரவு 9.40

பி.வி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு. நவம்பரில் வெளி மாநிலத்தில் ஒரு தேசிய மாநாடு. மாணவர் கட்டணம், ரயில், மூன்று நாள் தங்கல் எல்லாம் கூட்டினால் ஏழாயிரத்துக்குக் குறையாது. ஹாஸ்டலில் பாதிப் பேர் சான்றிதழுக்குப் போகிறார்கள், மீதிப் பேர் ஊர் சுற்ற. உரைகளெல்லாம் எப்படியும் யூடியூபில் வந்துவிடும். மாணவருக்கு மாநாடு வெட்டிச் செலவு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பண்ணைமாடு | ஆகஸ்ட் 3, இரவு 10.55

பாதி சரி தம்பி. உட்கார்ந்து கேட்டுவிட்டு வரத்தான் போகிறீர்கள் என்றால் போக வேண்டாம். தொடக்க விழா, பொன்னாடை, நினைவு மலர் வெளியீடு எல்லாம் முடிந்து முதல் உரை ஆரம்பிக்கும்போது பதினொன்றரை ஆகிவிடும்.

ஆனால் ஒரு கேஸை எழுதி அனுப்பிவிட்டுப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. செலவுக்கான பலனில் பாதி ரயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிடும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

அதுவரை இரண்டு விஷயம். ஒன்று, எந்த மாநாடு? இந்தியாவில் துறைக்கொரு சங்கம் இருக்கிறது: மருத்துவத்துக்கு ஐ.எஸ்.வி.எம்., அறுவைக்கு ஐ.எஸ்.வி.எஸ்., இனப்பெருக்கத்துக்கு ஐ.எஸ்.எஸ்.ஏ.ஆர்., நோய்க்குறியியலுக்கு ஐ.ஏ.வி.பி., நாய் மருத்துவத்துக்கு ஐ.எஸ்.ஏ.சி.பி. கைவசம் என்ன கேஸ் இருக்கிறதோ அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஊரைப் பார்த்து அல்ல. இரண்டு, கிளினிக்கில் நிற்க ஆரம்பிக்காதவர்களுக்கு இது அதிகம் உதவாது. இடப்பக்க அபோமேசம் (மாட்டின் நான்காம் இரைப்பை) நகர்வைப் பற்றிய உரையைக் கேட்க, விலாவில் சுண்டி ஸ்டெத்தில் அந்த 'பிங்' சத்தத்தை ஒரு தடவையாவது கேட்ட காது வேண்டும்.

மூணாம் வருசம் | ஆகஸ்ட் 3, இரவு 11.02

தம்பி இல்லை சார், தங்கச்சி.

பண்ணைமாடு | ஆகஸ்ட் 4, காலை 6.30

சரிம்மா. விஷயத்துக்கு வருவோம்.

கேஸை மாநாட்டில் போஸ்டராக வைக்க முதலில் எழுதி அனுப்பும் ஆய்வுச் சுருக்கம் பெரும்பாலும் 250 சொல். அந்த 250 சொல்லை எழுத உட்காரும்போதுதான் கேஸ் ஷீட்டின் ஓட்டைகள் தெரியும். உதாரணத்துக்கு தைலீரியா (உண்ணியால் பரவும் ரத்த ஒட்டுண்ணி நோய்) கேஸ் ஒன்று. ஜெர்சி கலப்பினப் பசு, காய்ச்சல் 105 டிகிரி, தோள் முன் நிணநீர்க் கட்டி வீக்கம், உண்ணி, வெளிறிய கண் சவ்வு. ரத்த ஸ்மியரில் பைரோபிளாசம், அதாவது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி. அதற்கான மருந்தான புபர்வகுவோன் ஊசி போட்டாயிற்று. கடைசி வரி 'மாடு குணமடைந்தது'. இதுதான் வழக்கமாக வருகிற முதல் வரைவு.

இப்போது கேள்விகள். எடை எவ்வளவு? 'தோராயமாக 300 கிலோ' என்று ஷீட்டில் இருக்கும். நாடா வைத்து அளந்திருந்தால்: முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 66 அங்குலம், தோள் முனையிலிருந்து பின்னிடுப்பு எலும்பு முனை வரை நீளம் 56 அங்குலம் என்று வையுங்கள். ஷேஃபர் சூத்திரப்படி சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 300ஆல் வகுத்தால் 813 பவுண்டு, அதாவது 369 கிலோ. புபர்வகுவோன் கிலோவுக்கு 2.5 மி.கி.; மருந்து மில்லிக்கு 50 மி.கி. இருப்பதால் 20 கிலோவுக்கு ஒரு மில்லி. 300 கிலோ என்று நினைத்துப் போட்டது 15 மில்லி. போட்டிருக்க வேண்டியது 18.4. கிலோவுக்கு 2 மி.கி.தான் உள்ளே போயிருக்கிறது. மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று அப்புறம் புலம்புவோம்.

அடுத்தது, 'குணமடைந்தது' என்றால் என்ன? காய்ச்சல் எத்தனையாவது நாள் இறங்கியது, ஹீமோகுளோபின் சிகிச்சைக்கு முன் எவ்வளவு, 14ஆம் நாள் எவ்வளவு, பால் எத்தனை லிட்டரிலிருந்து எத்தனை லிட்டருக்குத் திரும்பியது? பின்னால் எடுத்த ஸ்மியரிலும் ஒன்றிரண்டு பைரோபிளாசம் தெரியலாம், ஏனென்றால் தைலீரியாவிலிருந்து மீண்ட மாடு கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். 'ஸ்மியரில்தான் இன்னும் இருக்கே, குணமாச்சுன்னு எதை வச்சு சொல்றே?' என்று போஸ்டரைப் பார்க்க வரும் நடுவர் கண்டிப்பாகக் கேட்பார். பதில் ஹீமோகுளோபின் எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணை எடுக்காமல் விட்டிருந்தால் பதிலும் இல்லை.

இந்தப் பாடத்தை எந்த வகுப்பும் இப்படி நடத்தாது. அடுத்த மாட்டைப் பார்க்கும்போது நாடா தானாகக் கைக்கு வரும்.

ஃபார்மலின் | ஆகஸ்ட் 4, காலை 8.15

மேலே சொன்னதோடு ஒன்று. தைலீரியா என்று எழுதுவதற்கு பைரோபிளாசம் மட்டும் போதாது. கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சி ஜீம்சா சாயம் போட்டு, நிணநீர் அணுக்களில் காக்கின் நீல உருண்டைகளை (ஒட்டுண்ணி பெருகும் நிலை) காட்டினால்தான் இப்போதைய காய்ச்சலுக்குக் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். சிவப்பணுவில் நாலு புள்ளி தெரிவது பழைய தொற்றாகவும் இருக்கலாம்.

போஸ்டரில் ஸ்மியர் படம் போடுகிறவர்கள் '1000 மடங்கு' என்று எழுதுகிறார்கள். நூறு மடங்கு லென்ஸும் பத்து மடங்கு ஐபீஸும் சேர்ந்தால் கண்ணுக்கு ஆயிரம், வாஸ்தவம். அதை மொபைலில் எடுத்து ஒரு முழ அகலத்துக்கு அச்சடித்த பிறகு அது எத்தனை மடங்கு? அளவுக்கோடு போடுங்கள். மாட்டின் சிவப்பணு ஏறத்தாழ 5.5 மைக்ரான் என்பதால், படத்தில் இருக்கும் அணுவையே அளவுகோலாக வைத்தும் ஓரளவு சரிபார்க்கலாம்.

பண்ணைமாடு | ஆகஸ்ட் 5, இரவு 9.10

போஸ்டர் பேச்சு வந்துவிட்டதால் அதை முடித்துவிடுவோம். இதில் அறிவியலை விட அச்சகம்தான் அதிகம் சதி செய்யும்.

சுற்றறிக்கையில் அளவு பெரும்பாலும் 90க்கு 120 செ.மீ. நெட்டாகவா கிடையாகவா என்று பாருங்கள். பலகை நெட்டாக நிற்க, நீங்கள் கிடையாக அடித்துக்கொண்டு போனால் பக்கத்துப் போஸ்டர்காரரோடு எல்லைத் தகராறுதான். தலைப்பு 80 பாயின்ட், உள்ளே 30க்குக் குறையாமல். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படிக்க முடியாததை யாரும் படிக்க மாட்டார்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கித் தள்ளிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். 15 செ.மீ. அகலத்துக்கு அச்சாகும் படத்துக்குக் குறைந்தது 900 பிக்சல் வேண்டும், 1800 இருந்தால் நிம்மதி. ஃப்ளெக்ஸில் ஜீம்சாவின் ஊதா பல நேரம் கறுப்பை நோக்கி ஓடும். முழுதாக அடிப்பதற்கு முன் அந்த ஒரு படத்தை மட்டும் சிறு துண்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மாட்டுக்காரரின் முகம் படத்தில் விழுந்திருந்தால் வெட்டுங்கள், படம் எடுக்கவும் போடவும் அவரிடம் சம்மதம் வாங்குங்கள்.

பலகை தெர்மக்கோலா, வெல்க்ரோவா, வெறும் பிளைவுட்டா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். குண்டூசி, இருபக்க டேப் இரண்டும் பையில் இருக்கட்டும். நடுவர்கள் டீ இடைவேளையில்தான் வருவார்கள். போண்டா வாங்கக் கிளம்பிய நேரத்தில் வந்து, ஆள் இல்லை என்று குறித்துவிட்டுப் போவார்கள். போண்டாவுக்கு நண்பரை அனுப்பவும்.

மூன்று நிமிடம் பேசத் தயார் செய்யுங்கள், ஐந்து நிமிடக் கேள்விக்கும் தயார் செய்யுங்கள். ஏன் இந்த மருந்து, வேறு எந்த நோயாக இருக்கலாம் என்று யோசித்தாய், அவற்றை எப்படி விலக்கினாய்: பெரும்பாலும் இந்த மூன்றில்தான் சுற்றுவார்கள்.

குட்டிநாய் | ஆகஸ்ட் 6, மதியம் 2.20

போஸ்டரையே பிடித்துத் தொங்குகிறீர்கள். மாணவருக்கு உண்மையான லாபம் மாநாட்டுக்கு முந்தைய நாள் நடக்கும் பயிலரங்கில். தனிக் கட்டணம் இருக்கும். கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளருக்கு ஃபோன் போட்டு ஒரே கேள்வி: ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? மூன்று மணி நேரம், ஒரு ஸ்கேன், இருபது பேர் என்றால் ஆளுக்கு ஒன்பது நிமிடம், அதிலும் முன்வரிசை சீனியர்கள் புரோபை விட மாட்டார்கள். ஐந்தாறு பேர் என்றால் தாராளமாகக் கட்டலாம்.

ஸ்கேன் பயிலரங்கில் மாணவர் கற்றுக்கொள்ள ஏற்றது ஃபாஸ்ட், அதாவது அடிபட்ட பிராணியின் உள்ளே திரவம் தேங்குகிறதா என்று விரைவாகப் பார்க்கும் ஸ்கேன். வயிற்றில் நான்கே இடம்: உதரவிதானம்-கல்லீரல், மண்ணீரல்-சிறுநீரகம், சிறுநீர்ப்பை-பெருங்குடல், கல்லீரல்-சிறுநீரகம். எத்தனை இடத்தில் திரவம் தெரிகிறதோ அத்தனை மதிப்பெண், பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. அடிபட்டு வந்த நாயில் முதல் முறை ஒன்றும், கொஞ்ச நேரம் கழித்து மூன்றும் வந்தால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். புதியவர்கள் தடுக்கி விழுவது கெயினில், அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழியில். ஏற்றி வைத்துவிட்டால் கறுப்பாகத் தெரிய வேண்டிய திரவம் சாம்பலாகி, திசுவோடு கலந்துவிடும். ஆழத்தைக் குறைத்து வைத்தாலும் அதே கதி, உதரவிதானமே திரைக்குள் வராது. இதை நூறு வீடியோவில் பார்க்கலாம். குமிழியைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதவரை கைக்கு வராது.

இதயம் நின்ற பிராணிக்கான உயிர்மீட்புப் பயிற்சியும் அப்படித்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், மார்பு அகலத்தில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். படித்தால் சுலபம். பொம்மையில் ஒன்றரை நிமிடம் அழுத்தினால் தெரியும் ஏன் ஆள் மாற வேண்டும் என்று.

மூணாம் வருசம் | ஆகஸ்ட் 6, மாலை 6.05

பயிலரங்கு சரி மேடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரைகள்? அதற்குத்தான் புத்தகம் இருக்கே.

குட்டிநாய் | ஆகஸ்ட் 6, இரவு 8.45

எந்த வருடப் புத்தகம்? நாய், பூனை உயிர்மீட்புக்கான ரெக்கவர் வழிகாட்டி 2012இல் வந்தபோது, நீண்டு போகும் உயிர்மீட்பில் அட்ரினலினை கிலோவுக்கு 0.1 மி.கி. வரை ஏற்றலாம் என்று இடம் கொடுத்தது. 2024 பதிப்பில் அந்த உயர் அளவை எடுத்துவிட்டார்கள், 0.01 மி.கி. மட்டும், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. மில்லிக்கு ஒரு மி.கி. ஆம்பியூலில் பத்துக் கிலோ நாய்க்கு 0.1 மில்லி. ஹாஸ்டலில் கைமாறும் ஜெராக்ஸ் நோட்டில் எந்த அளவு இருக்கிறது என்று பாருங்கள்.

இதயமும் அப்படியே. நாயின் மைட்ரல் வால்வு நோயில் இருமல் வரும் முன்பே பிமோபென்டான் என்ற இதய மருந்தைத் தொடங்கலாம் என்பது 2016இல் எபிக் ஆய்வு வந்த பிறகு நிலைபெற்றது, 2019இல் ஏ.சி.வி.ஐ.எம். (அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி) வெளியிட்ட ஒருமித்த கருத்தில் அதற்கான அளவுகோல் வந்தது: இதயத்தின் இடது ஏட்ரியம் (மேலறை), அயோர்ட்டா (பெருந்தமனி) இரண்டின் அகல விகிதம் 1.6, அதற்கு மேல். பழைய பதிப்பை வைத்துப் படித்தவர் நாய் மூச்சிரைக்கும் வரை காத்திருப்பார்.

இன்டர்ன் | ஆகஸ்ட் 7, காலை 7.50

மருந்துத் தடையும் இப்படித்தானே? வலி மருந்து டைக்ளோஃபெனாக் 2015இல் தடை ஆனது பல பேருக்கு இன்னும் தெரியவில்லை.

பண்ணைமாடு | ஆகஸ்ட் 7, காலை 9.30

2015 இல்லை தம்பி. கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் தடை 2006. 2015இல் வந்தது வேறு: மனிதருக்கான ஊசி மருந்தைப் பெரிய குப்பியில் விற்கக் கூடாது, 3 மில்லிக்கு மேல் கூடாது என்று. பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்ததால் அந்த வழியை அடைத்தார்கள். 2023இல் அசிக்ளோஃபெனாக்கும் கீட்டோபுரொஃபெனும் போயின. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்பில் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்பதுதான் காரணம். செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுக்கு இரண்டும் ஒரே விஷம். பாறு கழுகுகள் வாழும் மாயாறு பள்ளத்தாக்கை ஒட்டி வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு இது வெறும் தேர்வுக் கேள்வி இல்லை. மெலாக்சிகம் என்ற வலி மருந்து கழுகுக்குப் பாதுகாப்பானது, அதை எழுதுங்கள்.

இந்த மாதிரி மாற்றங்கள் பாடநூலுக்கு வருவதற்குள் ஒரு பேட்ச் வெளியே போய்விடும். மாநாட்டில் சாப்பாட்டு வரிசையில் காதில் விழுந்துவிடும்.

பண்ணைமாடு | ஆகஸ்ட் 7, இரவு 10.20

காலையில் எழுதியதைக் கொஞ்சம் மட்டுப்படுத்த வேண்டும். காதில் விழுவதெல்லாம் உண்மை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாநாட்டு உரைகளில் கணிசமானவை 'பத்து மாட்டுக்குக் கொடுத்தோம், ஒன்பது குணம்' ரகம். மரு சிகிச்சையைப் பாருங்கள். மாட்டு மருவுக்கு துஜா என்ற ஹோமியோபதி மருந்து, மருவை அரைத்துத் தயாரிக்கும் ஊசி, இன்னும் என்னென்னவோ. இளம் நாயின் வாய் மருவுக்கு அசித்ரோமைசின். எல்லாவற்றிலும் முடிவு அமோகம். மரு பெரும்பாலும் தானாகவே சில வாரம், சில மாதத்தில் உதிர்ந்துவிடும். சிகிச்சை கொடுக்காத ஒரு குழுவைப் பக்கத்தில் வைக்காவிட்டால் மருந்தால் போனதா, காலத்தால் போனதா என்று சொல்ல வழியே இல்லை. கன்றுக் கழிச்சலிலும் இதே கதை: நீரும் உப்பும் ஈடுகட்டியதால் எழுந்த கன்றுக்குக் கூடவே போட்ட ஆன்டிபயாட்டிக் பெயர் வாங்கிக்கொள்ளும்.

மாணவர் எழுந்து 'கட்டுப்பாட்டுக் குழு இருந்ததா சார்?' என்று கேட்கலாம். பணிவாகக் கேட்டால் போதும், அரங்கில் பாதிப் பேர் மனதுக்குள் கைதட்டுவார்கள். கடைசி ஸ்லைடில் எந்த கம்பெனிக்கு நன்றி சொல்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி பணம் கொடுத்தாலே பொய் என்று அர்த்தமில்லை; ஆனால் எந்த மருந்தோடு ஒப்பிட்டார்கள், எதோடு ஒப்பிடவில்லை என்பது அங்கேதான் புரியும்.

ஃபார்மலின் | ஆகஸ்ட் 8, காலை 8.00

'மனதுக்குள்' என்பதை அடிக்கோடிடவும். வாய்விட்டுக் கைதட்ட மாட்டார்கள், அந்தப் பேச்சாளர் யாருக்காவது வைவா எடுக்க வருவார்.

குட்டிநாய் | ஆகஸ்ட் 9, மதியம் 1.15

ஸ்டால்களை விட்டுவிட்டோம். பேனா, டிக் காலர், பைக்குக் கூட்டம் மொய்க்கும் இடம். அதையே ஒரு வகுப்பாக்கலாம். மருந்து ஸ்டாலில் கேட்க வேண்டியது: மில்லிக்கு எத்தனை மி.கி., பாலுக்கும் இறைச்சிக்கும் விடுப்புக் காலம் (மருந்து போட்ட பின் அவற்றைப் பயன்படுத்தக் கூடாத நாட்கள்) எத்தனை நாள், திறந்த பிறகு குப்பி எத்தனை நாள் தாங்கும், விலை என்ன. விலை முக்கியம். எந்தப் பாடத்திலும் வராது, கிளினிக்கில் முதல் கேள்வியே அதுதான்.

ரத்தப் பரிசோதனை மெஷின் ஸ்டாலில் 'வெள்ளாட்டுக்குத் தனி மோட் இருக்கா?' என்று கேளுங்கள். நாயின் சிவப்பணுவின் கன அளவு 60 முதல் 77 ஃபெம்டோலிட்டர், வெள்ளாட்டினது 16 முதல் 25. மனிதருக்கான அளவில் ஓடும் மெஷின் ஆட்டின் சிவப்பணுவில் பலவற்றைப் பிளேட்லெட் என்று எண்ணிவிடும். அறிக்கையில் ரத்தசோகையும் பிளேட்லெட் பெருக்கமும் சேர்ந்து வரும், ஆடு பாட்டுக்குத் தழை தின்றுகொண்டிருக்கும். விற்பனையாளர் முகத்தைப் பார்த்தே மெஷினின் தரம் தெரிந்துவிடும்.

இன்டர்ன் | ஆகஸ்ட் 9, இரவு 9.50

மேடம், பையைப் பற்றித் தவறாகப் பேச வேண்டாம். ஹாஸ்டலில் மூன்று மாநாட்டுப் பை வைத்திருப்பவர் நிலச்சுவான்தார்.

பண்ணைமாடு | ஆகஸ்ட் 11, காலை 6.45

நேற்று இன்னொருவர் தனிச்செய்தியில் கேட்டது: மின்னஞ்சலில் 'மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளரே' என்று சர்வதேச மாநாட்டு அழைப்பு வருகிறது, போகலாமா? இரண்டாம் ஆண்டு மாணவரை யாராவது அப்படிக் கூப்பிடும்போதே சந்தேகம் வர வேண்டும். கால்நடை, நானோ தொழில்நுட்பம், செவிலியர் கல்வி மூன்றும் ஒரே அரங்கில், கட்டணம் டாலரில், உள்ளூர் ஏற்பாட்டுச் செயலர் யார் என்றே இல்லை, அனுப்பிய மறுநாளே சுருக்கம் ஏற்கப்பட்டது: இதில் இரண்டு பொருந்தினாலே விலகுங்கள். நடத்துகிற கல்லூரியின் துறைக்கு ஃபோன் செய்து உறுதிப்படுத்துவது சுலபம்.

சில நடைமுறைகள். மாணவர் கட்டணத்துக்கு போனஃபைட் சான்று கேட்பார்கள், டீன் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். இளம் விஞ்ஞானி விருது போன்றவற்றுக்குப் பல சங்கங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும் என்கின்றன. கடைசி நாளில் தெரிந்தால் பயனில்லை. போஸ்டரில் முதல் பெயர் யாருடையதாக இருந்தாலும், நின்று பேசப் போகிறவர் பதிவு செய்திருக்க வேண்டும். கல்லூரிக்கு எழுதும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தோடு சுருக்கம் ஏற்கப்பட்ட மின்னஞ்சலை இணையுங்கள், வருகைப் பதிவுச் சண்டை குறையும்.

திரும்பிய பிறகு பேச்சாளருக்கு எழுதுவதாக இருந்தால் ஒரு வாரத்துக்குள், ஒரே ஒரு கேள்வியோடு. 'உங்கள் உரை அருமை, பிபிடி அனுப்ப முடியுமா' என்பதற்குப் பதில் வராது. 'நிணநீர்க் கட்டி உறிஞ்சலில் அணுக்கள் உடைந்துபோகாமல் இருக்க எத்தனையாவது கேஜ் ஊசி எடுப்பீர்கள்?' என்றால் பெரும்பாலும் வரும். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் வந்து நிற்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்கலாம்.

மூணாம் வருசம் | ஆகஸ்ட் 14, இரவு 10.30

சரி, கட்சி மாறவில்லை, கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன். வெள்ளாட்டுக் கேஸ் ஒன்று எழுத ஆரம்பித்தேன், சிகிச்சைக்குப் பிந்தைய எண் எதுவும் ஷீட்டில் இல்லை. உரிமையாளரைக் கூப்பிட்டால் ஆடு நன்றாக இருக்கிறது, ரத்தம் எடுக்க வர மாட்டேன் என்கிறார்.

பண்ணைமாடு | ஆகஸ்ட் 14, இரவு 11.15

அவர் சொல்வதும் நியாயம். வேறு கேஸ் பாருங்கள், சுருக்கத்துக்குக் கடைசி நாள் இன்னும் இருக்குமே. புதிய கேஸில் முதல் நாளே, மறுபரிசோதனைக்கு வரும் தேதியை ரசீதின் பின்னால் எழுதிக் கொடுங்கள். ஆட்டுக்காரருக்குக் குடற்புழு மருந்து இலவசம் என்றால் வருவார்.

இன்டர்ன் | ஆகஸ்ட் 15, காலை 10.05

கேஸை நான் பார்த்தேன், பி.ஜி. அண்ணா ஸ்மியர் படித்தார், சார் பெயரும் வர வேண்டும். பெயர் வரிசை எப்படி?

ஃபார்மலின் | ஆகஸ்ட் 15, மதியம் 12.40

எழுதியவர் முதலில், வழிகாட்டி கடைசியில், ஸ்மியர் படித்தவர் நடுவில். இதுதான் பொது வழக்கம், துறைக்குத் துறை மாறலாம். அதை விட முக்கியம், அனுப்புவதற்கு முன் இறுதி வரைவை எல்லோருக்கும் மின்னஞ்சலில் காட்டி 'சரி' என்று பதில் வாங்குவது. காட்டாமல் பெயர் போட்டு அனுப்பிய சுருக்கத்தில் மருந்தளவு தப்பாக இருந்து, அது மாநாட்டு மலரில் அச்சாகி வந்தால், அந்தத் தப்பு சார் பெயரிலும் இருக்கும். அதன்பின் உங்கள் ஓ.டி. கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.